சஷ்டி ஆறு நாளும் பாடணும், தொண்டையும் நிக்கணும்

ஓம் சரவணபவ. 

ஐப்பசி சஷ்டி வந்தாலே நம்ம பாராயண கோஷ்டிகளில் ஒண்ணு தவறாமல் நடக்கும். முதல் நாள் கவசம் கணீர்னு கேட்கும். மூணாம் நாள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கும். சூரசம்ஹாரத்தன்னைக்குப் பார்த்தால், நல்லாப் பாடுகிற அம்மா வெறும் வாயசைத்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "முருகனுக்காகத்தானே போச்சு, போகட்டும்" என்பார். பக்தி பெரிசுதான். ஆனால் அந்தக் குரல் யாருடையது?

அருணகிரிநாதர் சரித்திரத்தைப் பாருங்க. திருவண்ணாமலை கோபுரத்திலிருந்து உயிரை விடக் குதித்தவரைத் தாங்கிப் பிடித்தான் முருகன். நாவில் வேலால் எழுதினான், முதல் பாட்டுக்கு அடியும் எடுத்துக் கொடுத்தான். அதே முருகன், பேச்சற்றுச் சும்மா இருக்கும்படியும் உபதேசித்தான். கந்தர் அநுபூதியில் அவரே இதைச் சொல்கிறார். பாடச் சொன்னதும் அவன், சும்மா இருக்கச் சொன்னதும் அவன். இதற்குப் பெரியவங்க சொல்லும் ஞானப்பொருள் வேற, அடியேன் அந்த உயரத்துக்குப் போகலை. பாடுகிறவங்களுக்கு இதில் ஒரு சாதாரணப் பொருளும் இருக்குன்னு தோணுது.

குரல்வளைக்குள் இருப்பது இரண்டு சின்ன மடிப்புகள், குரல்நாண்கள். ஆண்கள் சும்மா பேசும்போதே அவை வினாடிக்கு 100 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதும். பெண்களுக்குச் சுமார் 200. மேல் ஸ்தாயிக்குப் போனால் இன்னும் கூடும். ஒரே நாளில் 36 உரு கவசம் ஓதுகிறவங்க நம்மில் இருக்காங்க. ஒரு உரு பத்து நிமிஷம்னு வேகமா ஓதினாலும் ஆறு மணி நேரம்! அத்தனையும் உரத்த குரலில் என்றால் அந்த மடிப்புகள் வீங்காமல் என்ன செய்யும்?

ஜபத்தில் வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூன்று வகை. மானசமே உயர்ந்ததுன்னு சாஸ்திரம் சொல்லுது. ஆகவே சில உருக்களைப் பேசும் குரலில் ஓதுங்க, மீதியை மனசுக்குள் ஓதுங்க. பலன் குறையாது. தொண்டை கட்டின பிறகு கிசுகிசுன்னு ஓதுவது மட்டும் வேண்டாம். அது ஓய்வு ஆகாது, பலருக்குக் குரல்வளை இன்னும் இறுகிப்போகும். அடிக்கடி கனைப்பதும் அப்படித்தான். கனைக்கத் தோணினா ஒரு மடக்கு தண்ணி குடிங்க.

சுருதி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். ஆர்மோனியக்காரருக்கு எது வசதியோ அதுவே கோஷ்டிக்குச் சுருதின்னு பல இடங்களில் ஆயிடுச்சு. பாட்டில் ரொம்ப மேலே போகிற வரியை முதலில் பாடிப் பாருங்க. கழுத்து நரம்பு புடைச்சா அரைக் கட்டை இறக்குங்க. முருகன் கட்டை எண்ணுகிறவன் இல்லை. பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் நம்ம குரல் நமக்கே கேட்காது, தன்னால கத்த ஆரம்பிச்சிடுவோம். ஒரு காதை உள்ளங்கையால் லேசா மூடிக்கிட்டா நம்ம குரல் தெரியும்.

திருப்புகழில் மூச்சு முட்டுதுன்னு சொல்றவங்க, சந்தத்தை முதலில் மெதுவாச் சொல்லிப் பழகுங்க. அடியின் முடிவில் வரும் தொங்கலில் வயிறு விரிய மூச்சு எடுங்க. வல்லின எழுத்துக்களை நாக்கும் உதடும் சொல்லட்டும், தொண்டையை இடிக்க வேண்டாம். டிசம்பர் 31 அன்று திருத்தணி படித்திருவிழாவில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடுவது வள்ளிமலை சுவாமிகள் ஏற்படுத்திய வழக்கம். 365 படி, பனி, கற்பூரப் புகை வேற. ஏறிக்கொண்டே பாடாதீங்க. படியில் நின்று, மூச்சு அடங்கின பிறகு பாடுங்க.

இன்னொண்ணு, யாரும் கவனிக்காதது. ராத்திரி பத்து மணிக்குக் காரப் புளியோதரை சாப்பிட்டு உடனே படுத்தால், வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறிக் காலையில் குரல் கரகரக்கும். பிரசாதம் ஒரு வாய் போதும், மீதி மறுநாள். விரதத்தில் தண்ணீரையும் விடுகிறவங்க பாட்டைக் குறைச்சுக்கணும். குடிக்கிற தண்ணி குரல்நாண் மேல் நேராகப் படாது, உடம்பில் கலந்துதான் அங்கே போய்ச் சேரும். அதனால் பாடும் நேரத்தில் மட்டும் குடிச்சா பத்தாது, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். பனங்கற்கண்டு இதமா இருக்கும், வீக்கத்தை ஆற்றுவது மௌனம்தான். சூட்டு மாத்திரையை அடக்கிக்கிட்டு வலி தெரியாமல் பாடுவது ஆபத்து. கரகரப்பு மூணு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போயிடுங்க, முக்கியமா புகையிலைப் பழக்கம் இருந்தவங்க.

கோஷ்டி நடத்துகிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். தொண்டை கட்டின அன்பரைப் பாடச் சொல்லி வற்புறுத்தாதீங்க, ஒதுக்கியும் வைக்காதீங்க. ஜால்ராவை அவர் கையில் கொடுங்க, தாளம் அவர் போடட்டும்.

வேலும் மயிலும் துணை.