எடையும் நியாயமும்

தராசு பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் தட்டில் வைத்ததைப் பற்றித்தான் அது பேசும். வைக்காததைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை.

எண்ணூருக்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின்நிலையம் நிலக்கரியை எரிக்கிறது. இத்தகைய நிலையங்களின் புகையில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளப்பதற்கு ஒரு முறை உண்டு. புகைபோக்கிக்குள் குழாயை நீட்டி, புகை ஓடும் வேகத்திலேயே அதை உறிஞ்சி, வடிதாளில் படிந்த தூசியை எடைபோடுவார்கள். உறிஞ்சும் வேகம் மிஞ்சினால் கனத்த துகள்கள் குழாய்க்குள் திரும்பாமல் நேரே போய்விடும். தூசி குறைவென்று கணக்கு வரும். அவ்வளவு நேர்மை வேண்டிய வேலை அது. 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பும் விதித்தது: 2003-க்குள் நிறுவியவற்றுக்குக் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், 2016 வரை நிறுவியவற்றுக்கு 50, பின்னர் வந்தவற்றுக்கு 30.

எல்லாம் எடைக் கணக்கு. இங்கேதான் என் மனம் தயங்குகிறது. 10 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு துகளும், 2.5 மைக்ரான் உள்ள 64 துகள்களும் தராசுக்கு ஒன்றே. மார்புக்கு ஒன்றல்ல. பெரியது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சிறியது நுரையீரலின் கடைசி அறை வரை இறங்கும். போதாக்குறைக்கு, கந்தக டையாக்சைடு வாயுவாக வெளியேறி, காற்றோடு போகும் வழியில் நுண்துகளாக மாறுகிறது. புகைபோக்கியில் எடைபோட்ட தூசியில் அது சேர்வதில்லை.

“கணக்கு சரியாக இருக்கிறதே, அப்புறம் என்ன?” என்று கேட்கலாம். கணக்கு சரியாக இருப்பது வேறு, நியாயமாக இருப்பது வேறு. எளிதில் எடைபோட முடிந்ததைப் போட்டுவிட்டு, உயிரைத் தொடுவதை விட்டுவிட்டால், பிழையற்ற கணக்கே அநியாயத்துக்குச் சாட்சியாகி நிற்கும். அதற்காக அளப்பதையே வெறுப்பதா? கூடாது. அளக்காத ஊரில் இருமுகிறவனின் வார்த்தைக்கு மதிப்பே இராது. இன்னும் நுட்பமாக, மூச்சு விடுகிறவன் பக்கம் நின்று அளக்க வேண்டும்.

எண்ணூர்ப் புகைபோக்கி எங்கள் பெருநகருக்குத் தெரியாது. அதனால் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? பம்புசெட்டுக்கும் விளக்குக்கும் வரும் மின்சாரத்தில் எது எந்த நிலையத்தினுடையது என்று பிரிக்க வழியில்லை. பக்கத்து உத்திரமேரூர்க் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒரு விதி சொல்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் குடவோலைக்குத் தகுதியற்றவன், அவனுடைய நெருங்கிய உறவினரும் அப்படியே. உறவினரை ஏன் சேர்த்தார்கள்? பலனில் பங்கு கொண்டவனுக்குப் பொறுப்பிலும் பங்கு உண்டு என்பதால்தானோ?

அப்படியானால், அந்த மின்சாரத்தில் விளக்கேற்றும் நாம் அந்தப் புகைக்கு உறவினர் அல்லாமல் வேறு யார்?