நோயும் வினையும்

மலேசியாவில், ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனைக்கு எதிரே தெப்ராவ் நீரிணையும், அதற்கு அப்பால் சிங்கப்பூரும் இருக்கின்றன. இவ்விரு கரைகளும் நோயாளியை வெவ்வேறு நோக்கில் காண்கின்றன என்பதும், அவ்வேற்றுமையின் அடியில் நம் சமயம் நெடுங்காலமாக விசாரித்துவரும் ஒரு பிரச்னை கிடக்கிறது என்பதும், சுகாதாரச் சீர்திருத்தம் ஓயாது பேசப்படும் இந்நாளில் ஊன்றிக் கவனிக்கத் தக்கவை. ஒருவனது நோய் அவன் வினையின் பயனா, ஊரார் சேர்ந்து சுமக்க வேண்டிய பாரமா?

இக்கரையில், அரசாங்கக் கிளினிக்கில் எண் சீட்டைக் கையில் பிடித்தபடி காலை முதல் காத்திருக்கும் ஒரு தொழிலாளி, முகப்பில் ஒரு வெள்ளியைச் செலுத்தி, மருத்துவரைக் கண்டு, இனிப்பு நீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளை அந்த ஒரு வெள்ளியிலேயே பெற்றுச் செல்கிறான். எஞ்சிய செலவைப் பொதுக் கருவூலம் ஏற்கிறது. எதிர்க்கரையிலோ 1984-இல் தொடங்கிய மெடிசேவ் திட்டம், அவனவன் ஊதியத்தில் ஒரு பகுதியை அவனவன் பெயரிலேயே சேர்த்து, நோய் வந்தால் அதிலிருந்தே செலவிடச் சொல்கிறது. தன் வினை தன்னையே சேரும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு சட்டென்று பிடித்துவிடுகிறது.

சிக்கனம் நற்குணமே. ஆயினும் பிறவியிலேயே இருதயக் கோளாறோடு வந்த குழந்தை எந்தக் கணக்கில் எதைச் சேர்த்திருக்கும்? சேமிப்பு மட்டும் போதாதென்று உணர்ந்த சிங்கப்பூரே 1990-இல் மெடிஷீல்டு காப்புறுதியையும், 1993-இல் கதியற்றவர்களுக்காக மெடிஃபண்ட் நிதியையும் ஏற்படுத்தி, 2015-இல், முன்பே நோயுற்றிருந்தோரையும் விலக்காமல், தன் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் ஆயுள் முழுவதும் காக்கும் மெடிஷீல்டு லைஃப் திட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஊழியர் சேமநிதியிலிருந்து மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் எடுக்கலாமா என்று இங்கே விவாதிப்பவர்கள், அண்டை நாட்டின் முதல் அடியை மட்டுமன்றி, அது தன்னையே திருத்திக்கொண்டு நடந்த முப்பதாண்டு வழியையும் படிக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கர்மக் கொள்கை, மனிதன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளத் தரப்பட்டதேயன்றி, அயலானின் துன்பத்துக்குத் தீர்ப்பெழுதத் தரப்பட்டதன்று. அக்கொள்கையை ஐயமற நம்பிய நம் முன்னோர் என்ன செய்தார்கள்? வீரராஜேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடந்த பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுரசாலையையும், அங்கே பணியாற்றிய வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கான ஊதியத்தையும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் நுணுக்கமாகக் குறிக்கிறது. அச்செலவுக்கு நோயுற்றவன் சேமிப்பை அவர்கள் நாடவில்லை. கோயிலுக்கு உரிய நில வருவாயே அதைத் தாங்கிற்று. அவர்களுடைய வினைக் கோட்பாடு கருணைக்குத் தடையாக நிற்கவில்லை.

2023-இல் மலேசிய நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து ஆண்டுக் காலச் சீர்திருத்தத்தைக் கருதுகிறது. நெரிசல் மெய், பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குக் கூடுதல் ஊதியத்துக்குச் செல்லும் தாதியரால் நேரும் பற்றாக்குறையும் மெய், பணம் எங்கிருந்தாவது வந்துதான் ஆகவேண்டும். ஆனால் என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த கூலியாள் அதே வரிசையில் நின்று, குடிமகன் அல்லாதவன் என்பதால் பன்மடங்கு கட்டணம் செலுத்துகிறான். எதிர்க்கரையின் ஆயுட் காப்பும் அவனைச் சேர்த்துக்கொள்வதில்லை. திருமுக்கூடலின் ஆதுரசாலையும் கோயில் ஊழியரோடும் அங்கே பயின்ற மாணாக்கரோடும் நின்றுவிட்டதுதான். யாருடைய நோயை நம்முடையதாக எண்ணுவது என்ற கேள்விக்குச் சோழர் காலமும் விடை சொல்லி முடிக்கவில்லை. இரு கரைகளில் எதுவும் இன்னும் சொல்லவில்லை.