யாருடைய தூக்கம்?

2011 ஜூனில், தில்லி ராம்லீலா மைதானத்துப் போராட்டப் பந்தலில் நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காவல்துறை எழுப்பி விரட்டியது. அந்த வழக்கில், 2012இல், உச்ச நீதிமன்றம் தூக்கத்தையும் வாழ்வுரிமையில் சேர்த்தது.

வீட்டில் என்னை யாரும் தடிகொண்டு எழுப்புவதில்லை. நாலரைக்கு அலாரம் வைப்பவள் நானேதான். மைய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் தருகிறார்கள், ஆண்கள் 97. அந்த நிமிடங்களை நாங்கள் வேறெங்கிருந்து எடுப்பது?

பகலில் வகுப்பின் நடுவே, இருபது வருடம் சொல்லிக்கொடுத்த பாடத்திலேயே ஒரு சொல் மறந்து நிற்கிறேன். வயதாகிவிட்டது என்றிருந்தேன். படித்தது மனதில் படிவதும், இரத்த அழுத்தம் தணிவதும் தூக்கத்தில்தான். அதைக் குறைத்துக்கொண்டு வயதைக் குறை சொல்லியிருக்கிறேன்.

நன்றாகத் தூங்கினால் வேலைத்திறன் கூடும் என்று அறிவுரை சொல்கிறார்கள். இன்னும் அதிகம் உழைப்பதற்காகவா நான் தூங்க வேண்டும்? (அறிவுரை சொல்பவர்களுக்குக் காப்பி யார் போட்டுத் தருகிறார்களோ!)

நானே வைத்த அலாரம் என்பதால் அது என் விருப்பம் ஆகிவிடுமா? போன வாரம் ஒருநாள் வைக்காமல் படுத்தேன். ஆறரைக்கு மகன் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

“அம்மா, உடம்பு சரியில்லையா?”