கீழடுக்கு

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையோரச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்குப் பஞ்சமே இருக்காது. படம், தோற்றம், மறைவு, கீழே குடும்பத்தார் பெயர்கள். அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். பார்த்த வேலை, 'நெடுஞ்சாலைத் துறை, ஓய்வு' என்று பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் காட்டியது அன்பு, வெளியே செய்தது பிழைப்பு. அன்பு புண்ணியக் கணக்கில் ஏறும், பிழைப்பு சம்பளத்தோடு தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அந்த எழுத்தின் அளவிலேயே இருக்கிறது. சாலை போட்டு வாழ்ந்தவரைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை செல்லாது என்பது என் வாதம். அதற்கான சான்று அதே சாலையில் ஆவடி, பட்டாபிராம் தாண்டினால், திருநின்றவூரில் இருக்கிறது.

பூசலார் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயில் கட்டக் காசில்லாதவர் மனத்துக்குள்ளேயே ஒன்றைக் கட்டினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்திருந்ததும் அவர் குறித்ததும் ஒரே நாள். சிவன் மன்னனின் கனவில் வந்து, நாளை எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, உன் நாளைத் தள்ளிவை என்றார். எண்ணம் பெரிது, கல் சிறிது என்று இதற்குப் பொருள் சொல்லிப் பழகிவிட்டோம். அதுதான் பொருள் என்றால் நெடுஞ்சாலைக்காரருக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. மனத்துக்குள் போட்ட சாலையில் ஒரு சைக்கிள்கூடப் போகாது. ஆனால் சேக்கிழார் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். பூசலார் ஒரே நினைப்பில் கோயிலை முடித்துவிடவில்லை. பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்து அடிக்கல் நாட்டினார், இரவிலும் கண்மூடாமல் எழுப்பினார். சுதைவேலை, கிணறு, மதில், குளம் என ஒன்றையும் விடவில்லை. யாரும் வந்து அளந்து பார்க்க முடியாத இடத்தில் ஓர் அங்குலம்கூடக் குறைக்கவில்லையே, அதைத்தான் அவருடைய பக்தி என்று நான் படிக்கிறேன்.

சாலையிலும் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வேலைதான். நாம் பார்ப்பது மேலே சில சென்டிமீட்டர் தார்க்கலவை. சில ஆண்டுகளில் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி போடுவார்கள். லாரியின் பாரத்தைத் தாங்குவது அதற்கும் கீழே இறுக்கிய மண்ணும் கிராவலும் ஜல்லியும். மண்ணில் போதிய ஈரம் இருந்ததா, ரோலர் போகவேண்டிய தடவை போனதா என்பதெல்லாம் மேலடுக்கு விழுந்ததும் புதைந்துபோகும். மதுரவாயலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் புறவழிச்சாலையும் சந்திக்கும் இடத்தில் சுற்றி இறங்கும் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட வளைவுகளில் வெளிவிளிம்பைச் சற்று உயர்த்திப் போடுவார்கள், திரும்பும் வண்டி வெளியே வீசப்படாமல் இருப்பதற்காக. ஓட்டுபவருக்கு அது தெரிவதே இல்லை. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை, அதை ஒருநாளும் பார்க்கப்போகாத ஒருவர் வைத்த சாய்வால் தூக்கம் கலையாமல் போகிறது. வள்ளுவர் இல்லறத்தான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், சுற்றம் இவர்களோடு விருந்தையும் சேர்த்தார். விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்றே பொருள். முன்பின் அறியாமல் வருபவர்தான் விருந்தினர். அந்தக் கணக்கில் வளைவின் சாய்வு இல்லறத்துக்கு உட்பட்ட விஷயம்.

சாய்வு எவ்வளவு என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிநூலில் இருக்கிறது, அதைச் செய்யத்தானே சம்பளம், இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். பீகாரின் கெஹ்லூரைச் சேர்ந்த தசரத் மாஞ்சியை எதிரே நிறுத்தவும் செய்யலாம். மனைவி பால்குனி தேவி இறந்த பிறகு 1960 முதல் 1982 வரை 22 ஆண்டுகள், சுத்தியலும் உளியுமாகத் தனியாளாய் மலையை வெட்டி வழி செய்தவர் அவர். அந்தப் பாதையில் காதல் இருக்கிறது, துறைக்காரரின் பாதையில் டெண்டர்தானே இருக்கிறது? மாஞ்சியின் பெருமையைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் அவர் வழி வெட்டியபோது அதில் நடக்க பால்குனி இல்லை; நடந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். அவருடைய அன்பு கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தில், கூலி வாங்கும் மனிதர் முதல் நாளே நிற்கிறார். கூலி வாங்கினால் அறம் கெடும் என்றால் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைச் செதுக்கிய சிற்பிகளையும் தள்ளிவைக்க வேண்டியதுதான். விதிநூல் எண்ணைத்தான் தரும். நள்ளிரவில், மேஸ்திரியும் சலித்துப் படுத்த பிறகு, இன்னொரு தடவை ரோலரை ஓட்டச் சொல்வதா வேண்டாமா என்பதை எந்த நூலும் வந்து பார்ப்பதில்லை.

இதைவிடக் கடினமான கேள்விகள் உண்டு. சைட், கேம்ப், மாற்றல் என்று அலைந்தவர் நல்ல தந்தையாக எத்தனை நாள் வீட்டில் இருந்திருப்பார்? அந்த இழப்பு மெய். அதைச் சுமந்தது மனைவி. அறத்தில் பாதிப் பங்கு அவருக்கு என்று எந்தச் சுவரொட்டியும் போடுவதில்லை. சாலைக்காக வெட்டிய புளியமரங்கள், கையகப்படுத்திய வயல்கள், அந்தச் சாலையில் அடிபட்டுச் செத்தவர்கள்? இவற்றுக்கும் சாலை போட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். நான் அவரைப் புனிதராக்க வரவில்லை. கீழடுக்கை ஒழுங்காகப் போட்டவர், போடாதவர் என்ற வேறுபாடு இவற்றால் அழியாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்படியானால் அவரை எப்படி நினைப்பது? தர்ப்பணத்தில் மூன்று தலைமுறைக்குத்தான் பெயர் சொல்கிறோம். அதற்கு மேல் சாத்திரமே வற்புறுத்துவதில்லை. நம் ஊர்களில் இன்னொரு வழக்கம் இருந்தது. பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணுக்காக வழியோரத்தில் சுமைதாங்கி வைப்பார்கள். நட்ட கல் இரண்டு, அவற்றின் மேல் படுக்கையாக ஒன்று, ஏறக்குறைய தோள் உயரத்தில். தலைச்சுமையோடு வருகிறவர் இறக்கிவிட இன்னொரு கை தேடாமல் அப்படியே சரித்து வைக்கலாம், திரும்பத் தாமே ஏற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் எழுத்து இருக்கும், பலவற்றில் இருக்காது. விறகுக்கட்டோடு வந்தவள் கல்லில் பெயர் இருக்கிறதா என்று பார்த்திருக்கமாட்டாள். கட்டைச் சரித்து வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.