பாசத்தால் நோய்ப்பட்ட குதிரை
(ஜும்ஆ உரை)





இன்று ஒரு குதிரையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஜும்ஆ மிம்பரில் குதிரைக்கு என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அல்லாஹ் தன் திருமறையில் ஒரு சூராவையே மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத்தான் தொடங்குகிறான். குதிரைகளின் நெற்றி ரோமத்தில் மறுமை நாள் வரை நன்மை முடியப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் வருகிறது. ஊரில் நம்மில் பலருடைய குடும்பப் பெயர் ராவுத்தர். ராவுத்தர் என்றால் குதிரை வீரர். அப்படிப்பட்ட நாம் இங்கிலாந்துக்கு வந்து, குதிரையை டிவியில் மட்டும் பார்க்கிறோம்.

நம் ஜமாஅத்தில் ஒரு சகோதரர் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு குதிரை வாங்கினார். பந்தயக் குதிரை அல்ல. இங்கே 'காப்' என்று சொல்வார்களே, அது. காப் என்பது ஒரு இனத்தின் பெயர் அல்ல, உடல்வாகின் பெயர். குட்டைக் கால், தடித்த எலும்பு, அகன்ற முதுகு; பெரும்பாலும் குளம்பை மூடித் தொங்கும் முடியும் இருக்கும். பால் வண்டியும் காய்கறி வண்டியும் இழுத்துப் பழகிய வகை. உருண்டையாக இருந்ததால் மகள் அதற்கு 'லட்டு' என்று பெயர் வைத்தாள்.

லட்டுவின் சேட்டையைக் கேட்டால் சிரிப்பு வரும். சட்டைப் பையில் மூக்கை விட்டுத் துழாவும். தண்ணீர் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். லாயத்துக் கதவின் தாழ்ப்பாளை உதட்டால் தள்ளித் திறந்துவிடும். இந்த நாட்டு லாயக் கதவுகளில் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே காலால் தள்ளிப் போடும் இன்னொரு தாழ்ப்பாள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட கெட்டிக்காரர்களுக்காகத்தான் அந்த இரண்டாவது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அதன்மேல் உயிர். போகும்போதெல்லாம் ஆப்பிள், கேரட், மீந்த ரொட்டி. வேலிக்கு வெளியே நடந்துபோகிறவர்களும் கொடுப்பார்கள். வயல் நிறையப் பச்சைப் புல். குதிரை கொழுகொழுவென்று ஆனது. பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

போன அக்டோபரில் ஒரு காலை. சகோதரர் போயிருக்கிறார். கதவருகே வந்து பையைத் துழாவும் குதிரை வரவில்லை. முன்கால்களை முன்னால் நீட்டி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலில் பாரத்தைப் போட்டு அசையாமல் நின்றது. குளம்பைத் தொட்டால் சூடு. குளம்புக்கு மேலே விரலை வைத்தால் நாடி திடுதிடுவென்று அடிக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து 'லேமினைடிஸ்' என்றார்.

அது என்னவென்று எனக்கும் தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குதிரையின் பாதத்துக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அந்த எலும்பையும் வெளிக் குளம்பையும் மெல்லிய மடிப்பு மடிப்பான திசுக்கள், இரு கை விரல்களைக் கோத்ததுபோல், பிணைத்து வைத்திருக்கின்றன. குதிரையின் முழு எடையும் அந்தப் பிணைப்பில்தான் தொங்குகிறது. ஸுப்ஹானல்லாஹ்! அந்தத் திசு வீங்கித் தளர்ந்தால் எலும்பு உள்ளேயே சாய்ந்துவிடும், கீழே இறங்கவும் செய்யும். வலி சொல்லி முடியாது. நகத்துக்கு அடியில் முள் குத்தினாலே நாம் துடிக்கிறோம். நான்கு நகத்தின் மேல் அரை டன் எடையோடு நிற்கும் ஜீவன் அது.

ஏன் வந்தது என்று சகோதரர் கேட்டார். மருத்துவர் நேராகச் சொன்னார்: அதிகமான சர்க்கரை. மனிதருக்கு வருவதுபோலவே இன்சுலின் கோளாறு. பச்சைப் புல்லில் உள்ள சர்க்கரையே சில குதிரைகளுக்குப் போதும். உறைபனி விழுந்து வெயில் அடிக்கும் காலைகளில் புல்லில் அது இன்னும் கூடும். காப் வகையின் உடம்பு கொஞ்சத் தீனியிலேயே கொழுக்கும்படி அமைந்தது. அதன்மேல் ஆப்பிள், ரொட்டி. சுருக்கமாகச் சொன்னால், அந்த வீட்டின் பாசம்தான் அதை நோயில் தள்ளியது.

சகோதரர்களே, ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் நடந்த சம்பவத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த ஒட்டகம் முனகிக் கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதன் காதுக்குப் பின்புறம் தடவிக்கொடுத்தார்கள், அது அமைதியானது. இது யாருடையது என்று கேட்டார்கள். ஓர் இளைஞர் முன்வந்தார். அல்லாஹ் உனக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணி விஷயத்தில் நீ அவனை அஞ்ச வேண்டாமா, நீ பட்டினி போட்டு வேலை வாங்கிக் களைக்க வைப்பதாக இது என்னிடம் முறையிடுகிறது என்ற கருத்தில் அவரைக் கண்டித்தார்கள்.

அந்த ஒட்டகத்தின் முறையீடு பசி. லட்டு முறையிட்டிருந்தால், இவர்கள் எனக்கு அளவில்லாமல் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கும். வயிறு ஒட்டியதும் புடைத்ததும் வேறு வேறு தோற்றம், ஆனால் இரண்டிலும் எஜமானர் அந்தப் பிராணியைப் பார்க்கவில்லை. ஒருவர் தன் வேலையைப் பார்த்தார். இன்னொருவர் கொடுப்பதில் தனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தைப் பார்த்தார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "ஹஜ்ரத், ஊசி போட்டு முடித்துவிடலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார். அந்த மஸ்அலாவில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. "தம்பி, அது பிழைக்க வாய்ப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டீர்களா?" என்றேன். இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும், செலவும் ஆகும் என்று சொன்னாராம். "அப்படியென்றால் என்னிடம் இந்தக் கேள்விக்கு இப்போது இடமே இல்லை" என்றேன். வளர்க்கும் பிராணியின் தீனியும் பராமரிப்பும் உரிமையாளர் மீது கடமை என்பதை ஃபிக்ஹு நூல்கள் தனிப் பகுதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. முடியாதவர் முடிந்தவரிடம் விற்றுவிட வேண்டும், வாட விடக்கூடாது.

விற்பது என்றதும் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. குதிரைகளோடு பழகிய ஒருவர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார்: வலி மருந்துப் பொடியைத் தீனியில் கலந்து கொடுங்கள், இரண்டொரு நாள் நொண்டாமல் நடக்கும், சந்தையில் தள்ளிவிடலாம். அதைச் சொல்லும்போது சகோதரருக்குக் கூச்சம். அந்த யோசனை ஒரு ராத்திரி முழுக்கத் தன் மனதில் ஓடியது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியிடம் என்ன சொன்னார்கள் என்று நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வலி தெரியாமல் நடக்கும் குதிரையும் மேலே காய்ந்த தானியம்தான்.

இங்கே நம் முன்னோர் பற்றிக் கசப்பான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்துக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. பாண்டிய மன்னர்கள் வாங்கினார்கள். விற்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். வெனிஸ் பயணி மார்க்கோ போலோ எழுதுகிறார்: ஹோர்முஸ், கீஷ், தோஃபார், ஏடன் வணிகர்கள் கொண்டுவரும் குதிரைகளில் மன்னர் ஆண்டுக்கு 2000-க்கு மேல் வாங்குகிறார், வருடக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை. காரணம், பராமரிக்கத் தெரியவில்லை. இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைக் குதிரைக்குப் போடுகிறார்கள் என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும், வறுத்த பார்லியும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்ததாக எழுதுகிறார். புல் தின்னும் பிராணிக்கு விருந்துச் சாப்பாடு! பெரும் விலை கொடுத்து வாங்கியவர்கள், மதித்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

மார்க்கோ போலோ அதோடு நிற்கவில்லை. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் அந்த நாட்டுக்குப் போகவிடுவதில்லை, குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் என்கிறார். அது அவருடைய குற்றச்சாட்டு. வெளியூர்க்காரர் கேள்விப்பட்டு எழுதியது, மிகையாகவும் இருக்கலாம். ஆனால் அதே காலத்து முஸ்லிம் தேசங்களில் குதிரை வைத்தியம் பெரிய கலையாக இருந்தது என்பது உண்மை. அடுத்த நூற்றாண்டில் எகிப்தின் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் லாயத்தைக் கவனித்த அபூபக்ர் இப்னு பத்ர் அதற்கென்றே விரிவான நூல் எழுதினார். நம்மிடம் இருந்த அந்த அறிவு, நாம் விற்ற குதிரைகளோடு கப்பலேறி வந்ததா? அந்தக் குற்றச்சாட்டில் கால்வாசி உண்மை இருந்தாலும் நாம் தலைகுனிய வேண்டும்.

சரி, லட்டுவுக்கு வருகிறேன். சகோதரர் வைத்துக்கொண்டார். வயலுக்கு விடாமல் லாயத்திலேயே கட்டாய ஓய்வு. மரச்சீவலை முழங்கால் உயரத்துக்குக் கொட்டி மெத்தைபோல் ஆக்கினார், குளம்பு புதையப் புதைய வலி குறையும் என்பதால். ஆரம்ப நாட்களில் பாதத்துக்கு ஐஸ் ஒத்தடம், வேளை தவறாமல் வலி மருந்து. பிறகு எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு லாடக்காரர் குளம்பைச் சீவி, சிறப்பு லாடம் அடித்தார்.

தீனிதான் பெரிய சோதனை. காய்ந்த புல்லைத் தராசில் நிறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சர்க்கரை இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். அடியோடு பட்டினி போடவும் கூடாது. கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. ஃபஜ்ருக்கு முன்னால் எழுந்து, டிசம்பர் குளிரில் விரல் விறைக்க அந்த ஊறிய புல்லைச் சின்னக் கண் வலையில் அடைப்பார். சின்னக் கண் எதற்கு? மெதுவாகத் தின்னட்டும், நேரம் போகட்டும் என்று. மகளுக்கு அழுகை. லட்டு தலையை நீட்டிப் பையைத் துழாவும்போது ஒரு துண்டு கேரட்கூடக் கொடுக்கக் கூடாது. "வாப்பா, நாம கொடுக்காததுனால அதுக்கு நம்ம மேல கோபம் வருமா?" என்று கேட்டாளாம். அவர், "வரட்டும்மா" என்றாராம்.

சகோதரர்களே, இந்த "வரட்டும்மா" எனக்கு மறக்கவே இல்லை. வீட்டில் சர்க்கரை நோயோடு இருக்கும் தாய் தகப்பனுக்குப் பெருநாளன்று இரண்டாவது தட்டு பிரியாணியை வைத்துவிட்டு, பாசம் என்கிறோம். அவர்கள் முகம் வாடுவதைத் தாங்க நமக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

வலி குறையக் குறைய சேட்டை திரும்பியது. அதைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்றார். வாளி உருண்டது, தாழ்ப்பாள் கழன்றது. ஒரு நாள் எரிச்சலில் கை ஓங்கிவிட்டாராம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தில் ஏறி அதை இப்படியும் அப்படியும் இழுத்தபோது, மென்மையைக் கடைப்பிடிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி முஸ்லிமில் இருக்கிறது. அது நினைவுக்கு வந்து கையை இறக்கினேன் என்றார். அடுத்த நாள் இன்னொரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டார். அடிக்குப் பதில் தாழ்ப்பாள், நல்ல ஃபத்வா!

பிப்ரவரியில் நான் போய்ப் பார்த்தேன். குதிரையின் வியர்வை பட்ட சட்டையோடு தொழலாமா என்று கூட வந்த பிள்ளைகள் கேட்டார்கள். வியர்வையும் எச்சிலும் சுத்தமானவை, சாணம் பட்டால் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன். பேசிக்கொண்டே இருக்கும்போது லட்டு பின்னாலிருந்து என் தொப்பியைக் கவ்வி எடுத்துத் தலையை ஆட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். சகோதரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஹஜ்ரத், அக்டோபரில் இது தலையைத் தூக்கவே இல்லை" என்றார்.

குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். முழுதாகப் புதிதாக ஒரு வருடம்கூட ஆகலாம். பாதி தூரம் வந்திருக்கிறது. இன்னும் வயலில் நினைத்தபடி மேய முடியாது, ஒருவேளை எப்போதுமே முடியாது. அவர் தினமும் புல்லை நிறுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வேலிப் பக்கம் நடந்துபோகிறவர்களுக்காக, எதையும் கொடுக்காதீர்கள் என்று ஒரு பலகையும் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போனால் படித்துவிட்டு, பார்த்து மட்டும் வாருங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பொறுப்பில் நீ விட்டிருக்கும் மனிதர்கள், பிராணிகள் அனைவரின் தேவையையும் சரியாக அறியும் அறிவை எங்களுக்குத் தருவாயாக. அறியாமல் நாங்கள் செய்த தீங்கை மன்னிப்பாயாக. நோயுற்றிருக்கும் எல்லோருக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. அந்தச் சகோதரரின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.