மரத்தின் பால்

இயற்கையே மனிதனுக்கு ஆதி குரு என்று மேடைகளில் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அந்தக் குருவிடம் நாம் மெய்யாகவே எதையேனும் கேட்டுக் கற்றோமா, அல்லது கைக்கு எட்டியதைக் கொண்டுவந்து விற்றோமா என்ற சந்தேகம் எனக்கு எழுவதுண்டு. மலேசியாவின் தாப்பாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவனுக்கு அது எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏனெனில் தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டு உலை கொதித்தது ஒரு மரத்தின் காயத்தினால்.

பால் மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு உரியதன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற விதைகளின் சந்ததி, மறு வருஷமே சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து பேராக்கின் கோலகங்சாரில் வேரூன்றியது. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவி, சீவிய கோட்டையே மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி துரை வகுத்தார். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்தால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு தடவைக்குச் சீவுவது சுமார் ஒரு மில்லிமீட்டர். வெட்டு மிக ஆழ்ந்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள உயிர்ப்படலத்தில் கத்தி பட்டுவிட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளர்ந்து பின்னால் வெட்டுக்கு உதவாது. “பட்டையைத்தானே வெட்டச் சொன்னேன், கட்டையை ஏம்மா வெட்டுறே?” என்று கங்காணி அதட்டுவது நிரைக்கு நிரை கேட்கும்.

இருள் பிரியுமுன் வெட்டத் தொடங்கினால் பால் நன்றாக ஓடும்; சில மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடும். மறுமுறை வெட்ட வரும் அம்மா, கத்தியை வைப்பதற்கு முன் பழைய கோட்டில் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் நெம்பி ஒரே இழையாக உரித்தெடுப்பார். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் அந்த இழையைச் சுற்றிச்சுற்றிப் பந்தாக்கி விளையாடினோமே தவிர, மரம் தன் புண்ணுக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டு அது என்று எங்களில் எவரும் நினைத்ததில்லை.

கட்டு என்றது அலங்காரத்திற்காக அன்று. கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டவைப்பதும், காயத்தின் வாயை அடைப்பதுமே மரத்துக்குப் பாலினால் உள்ள பிரயோஜனம். பாலில் ரப்பர்த் துகள்களோடு லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. வெட்டு விழுந்ததும் குழாய்க்குள்ளிருந்த கடும் அழுத்தம் சட்டென்று தணிய, பைகள் வெடித்து, ஹெவின் என்ற புரதம் வெளிப்பட்டுத் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. காவற்காரனும் கட்டுப்போடுபவனும் வேறெங்கிருந்தும் வர வேண்டியதில்லை. உடைப்பே அவர்களை எழுப்புகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தார் பால் மரத்தையும் அத்தி இனச் செடிகளையும் ஆராய்ந்து, விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் ரப்பருக்கு வழி தேடியது இந்தக் காரணத்தினால்தான்.

இங்கேயோ 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இதே அடைப்பை, பால் வரத்தைக் குறைக்கும் இடையூறாகவே கண்டது. அறுபதுகளின் இறுதியில் அடைப்பை அளக்க ஓர் எண்ணையே வகுத்தார்கள். பட்டையில் மருந்து தடவி அடைப்பைத் தாமதப்படுத்தினார்கள். நான் அவர்களைக் குறை கூறவில்லை. அவர்களுக்கு இடப்பட்ட வேலை அது. இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானங்களின் எண்ணெய்த் தொட்டிகளின் சுவருக்குள் பதப்படுத்தாத ரப்பரை வைத்து, குண்டு துளைத்த இடத்தில் எண்ணெய் பட்டதும் அது உப்பித் துளையை மூடும்படி செய்தபோதும், எடுத்துக்கொண்டது மரத்தின் பொருளை. அதன் யுக்தியை அன்று.

கேமரன் மலைப் பக்கத்துக் குடுவைச் செடிக்கு வேறு கதி வாய்த்தது. ஈரம் படிந்த அதன் விளிம்பில் எறும்பின் கால் நிற்காது என்பதைக் கவனித்து, 2011இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் எதுவும் ஒட்டாமல் வழுக்கும் பரப்பொன்றைச் செய்தார்கள். அந்தச் செடியை நம்பி ஒரு கம்பெனியும் லண்டனில் பங்கு விற்கவில்லை. ஆகவே, நீ எப்படி வாழ்கிறாய் என்று அதனிடம் கேட்பது எளிதாயிற்று. நமக்குச் சோறு போடும் ஜீவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் துர்லபம். எவ்வளவு தருகிறாய் என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் வெட்டுபவளும் ராத்தல் கணக்காகத்தானே பதிவானாள்? அவள் முழங்கால் வலியை எந்தப் பத்தியில் எழுதுவது? எங்கள் வீட்டிலும் அதை நாங்கள் விசாரித்தது மிகத் தாமதமாகத்தான்.

2001இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், மருந்து நிறைந்த நுண் உறைகளைப் பொதிந்து, விரிசல் கண்டால் அவை உடைந்து ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஒன்றைச் செய்தார்கள். ஏற்பாடு ஏறக்குறைய மரத்தினுடையதே. ஆனால் ஓரிடத்து உறை ஒருமுறை உடைந்தால் அங்கே மீண்டும் மருந்து கிடையாது. பால் மரமோ ஒருநாள் விட்டு ஒருநாள், இருபது இருபத்தைந்து வருஷம், பட்டையில் அறுபட்டு அறுபட்டு மூடிக்கொள்கிறது. இறைத்த பாலை மறு வெட்டுக்குள் ஊறவைத்தும் விடுகிறது. பொறியியல் இன்னும் எட்ட வேண்டிய பங்கு இந்த ஊறுதல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கற்க வருகிறவர் எங்கள் தாப்பா வட்டாரத்து ஆயர் கூனிங் பக்கம் போனால் மைல் கணக்கில் செம்பனையைத்தான் காண்பார். பால் மரத்துக்குச் சிறுதோட்டக்காரர் யாரையாவது விசாரிக்க வேண்டியிருக்கும்.