முன்னே செல்பவனும் பின்னே வருபவனும்

பெருந் துன்பங்களே மனிதனின் பொறுமையைச் சோதிக்கின்றன என்பது பொதுவான எண்ணம். ஆயினும், நோயையும் வறுமையையும் கலங்காது தாங்கிய ஒருவர், ஊர்ந்து செல்லும் உழவு இயந்திரம் ஒன்றின் பின்னே ஐந்து நிமிடம் செல்ல நேர்ந்ததும் நிதானம் இழப்பதைக் காணுமிடத்து, அவ்வெண்ணம் ஐயத்திற்கு உரியதாகின்றது.

பாலாவியிலே புத்தளம் – கொழும்பு வீதியிலிருந்து பிரிந்து கற்பிட்டிக்குச் செல்லும் பாதை இவ்வையத்தை நாள்தோறும் எழுப்புவது. ஒருபுறம் களப்பும் மறுபுறம் இந்து சமுத்திரமும் அமைந்த ஒடுங்கிய குடாநாட்டிலே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளும் அப்பாதையை மீன் லொறியும் மரக்கறி ஏற்றிய உழவு இயந்திரமும், நுரைச்சோலை அனல் மின்நிலையத்திற்குப் பணிக்குச் செல்வோரும் தலவில் தேவாலயத்திற்குச் செல்லும் யாத்திரிகரும் பகிர்ந்துகொள்கின்றனர். பின்னே வருபவர் முதலில் விளக்கைச் சிமிட்டுவார். அடுத்து ஒலிப்பானை அழுத்துவார். இரண்டும் பயன்தராவிடின், முன்னே செல்பவரின் குலமுறை கிளத்தத் தொடங்குவார். முன்னவரோ இருமருங்கும் உள்ள வெங்காயப் பாத்திகளை நோக்கியவாறு அமைதியாகச் செல்வார்.

இழந்தது எவ்வளவு? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்ல விரும்பியவர், 5 கிலோமீற்றர் தூரத்தை 20 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தால் இழப்பது பத்து நிமிடங்களே. கற்பிட்டியை அடைந்ததும் அவரே தேநீர்க் கடையில் அரைமணி நேரத்தை மனமுவந்து போக்குவார். ஆகவே, சினத்தின் மூலம் காலவிரயம் அன்று.

இதற்குச் சான்று பகர்வன அப்பகுதி வீதிகளிலே திரியும் கழுதைகள். நடுவீதியில் நிற்கும் கழுதைக்காக வண்டியை நிறுத்தும் சாரதி புன்னகை புரிகின்றார். அதேயளவு தாமதத்தை விளைவிக்கும் மனிதரை ஏசுகின்றார். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கு கோட்டை கட்டிய காலத்திலே பாய்மரத்தில் சென்றோரும் காற்று ஓய்ந்தபோது காத்திருந்தனர். காற்று தம்மை அவமதித்ததாக எவரும் கருதியிரார். எதிரே இருப்பவர் நல்லெண்ணம் காட்ட வல்லவர் என்று கொள்ளும்போதே அவர் அதனைக் காட்டவில்லை என மனம் புண்படுகின்றது என்பதை ஆங்கில மெய்யியலாளர் ஸ்ட்ரோசன் 1962இல் ஆற்றிய உரையொன்றில் விளக்கினார். அவ்வகையில், ஏச்சும் ஒருவிதமான மரியாதையே. கழுதைக்கு அது கிட்டுவதில்லை.

ஆயின், அம்மரியாதை நீதியானதா? மெதுவாகச் செல்பவரின் உள்ளத்தைப் பின்னே வருபவர் அறியார். முச்சக்கர வண்டிக்குச் சட்டம் விதித்த உச்ச வேகமே மணிக்கு 40 கிலோமீற்றர்தான். முன்னே செல்வது பழைய இயந்திரமாகலாம். உள்ளே இருப்பவர் நோயாளியாகலாம். தம் வேகத்தையே உலகிற்கு அளவுகோலாகக் கொள்பவருக்கு இவையனைத்தும் குற்றமாகவே தோன்றும்.

இவ்வளவும் நகைப்புக்கு உரியதாகவே முடிந்திருக்கும், அவ்வீதியில் மூன்றாமவர் ஒருவர் இல்லாதிருந்தால். பொறுமையிழந்தவர் வலப்புறம் விலகி முந்த முயலும்போது, எதிரே துவிச்சக்கர வண்டியில் வருபவர் இச்சச்சரவில் எப்பங்கும் இல்லாதவர். வேகம் 40இலிருந்து 60ஆக உயரும்போது மோதலின் ஆற்றல் இரண்டேகால் மடங்காகின்றது. மீதப்படுத்திய பத்து நிமிடங்கள் முந்தியவருக்கு உரியவை. அவற்றுக்கு ஈடாக வைக்கப்பட்டதோ பிறர் உயிர். தனக்கு உரியதல்லாத பொருளைப் பணயம் வைப்பது சூதிலுங்கூட நேர்மையன்று.

எனவே, வீதியிலே பொறுமை என்பது தனிமனிதரின் மனத்தூய்மைக்கான பயிற்சி மட்டுமன்று. முகமறியாத ஒருவருக்குச் செலுத்தப்படும் கடனுமாகும். அக்கடனில் முன்னே செல்பவருக்கும் பங்குண்டு. மெதுவாகச் செல்லுதல் அவருடைய உரிமை. பின்னே வண்டிகள் வரிசையாகத் தேங்கியிருப்பதைக் கண்டும், அகன்ற இடம் வந்தபோது ஒதுங்காதிருத்தல் உரிமையன்று. அவர் ஒதுங்கும்வரை காத்திருப்பது பின்னே வருபவரின் கடமை. கழுதைக்கு வழங்கும் புன்னகையை மனிதருக்கும் வழங்கப் பழகினால், அக்கடமை அத்துணைக் கடினமானதாக இராது.